வாசகர் கேள்விகள்: கேன்ஸ் விழாவும் தங்கப் பனையும்

பிரான்ஸ் நாட்டின் தென்கரையில் உள்ள கேன்ஸ் நகரில் ஆண்டுதோறும் மே மாதத்தில் நடைபெறும் சர்வதேசத் திரைப்பட விழாவைப் பற்றி வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகள் ஓர் இதழுக்குப் போதுமான அளவுக்குச் சேர்ந்துவிட்டதால், இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். சிவப்புக் கம்பளத்தில் யார் எந்த உடையில் வந்தார்கள் என்று கேட்டிருந்தவர்கள் மட்டும் மன்னிக்க வேண்டும். அதற்குப் பதில் சொல்ல நாளிதழ்களின் கடைசிப் பக்கங்கள் இருக்கின்றன.

‘கேன்ஸ் விழாவில் திரையிடப்பட்ட படம்’ என்று சுவரொட்டிகளில் அச்சிடுகிறார்கள். விழாவின் பட்டியலில் தேடிப் பார்த்தால் அந்தப் படத்தின் பெயரே இல்லை. பொய் சொல்கிறார்களா? (சிவகாசி வாசகர்)

பொய் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது; உண்மையை முழுவதுமாகச் சொல்லவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம். அந்த நாட்களில் கேன்ஸ் நகரில் ஒரே பெயரைச் சுற்றி மூன்று வெவ்வேறு காரியங்கள் நடக்கின்றன. சுவரொட்டிக்காரர்கள் அம்மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள்.

முதலாவது, விழாக் குழுவே பார்த்துத் தேர்ந்தெடுக்கும் படங்கள். அவற்றின் நடுநாயகமாக இருப்பது போட்டிப் பிரிவு. உலகம் முழுவதிலிருந்தும் வந்து குவியும் படங்களிலிருந்து ஏறத்தாழ 20 படங்கள் மட்டுமே இப்பிரிவுக்குள் நுழைகின்றன. விழாவின் உயர்ந்த விருதான தங்கப் பனை உள்ளிட்ட முதன்மை விருதுகள் இந்த இருபதுக்குள்தான் பங்கிடப்படுகின்றன. இதே அதிகாரப்பூர்வத் தேர்வுக்குள் 1978-இல் தொடங்கப்பட்ட ‘அன் செர்டெய்ன் ரிகார்ட்’ என்ற பிரிவும் உண்டு. புதிய முகங்களுக்கும் வழக்கத்தை மீறும் படங்களுக்கும் இடம் தரும் இப்பிரிவுக்குத் தனி நடுவர்களும் தனி விருதுகளும் இருக்கின்றன. போட்டியில் சேராத பெரிய படங்கள், நள்ளிரவுக் காட்சிகள், புதுப்பிக்கப்பட்ட பழைய படங்கள் ஆகியவையும் இந்தத் தேர்வின் கீழ்தான் வருகின்றன.

இரண்டாவது, அதே நாட்களில் அதே ஊரில் வேறு அமைப்புகள் நடத்தும் இணைப் பிரிவுகள். பிரெஞ்சு விமர்சகர்கள் 1962 முதல் நடத்தும் விமர்சகர் வாரமும், பிரெஞ்சு இயக்குநர்களின் சங்கம் 1969 முதல் நடத்தும் இயக்குநர்களின் இரு வாரமும் இவ்வகையைச் சேர்ந்தவை. தரத்தில் இவை எவ்வகையிலும் தாழ்ந்தவை அல்ல. ஆனால் இவற்றில் இடம்பெறும் படம் தங்கப் பனைக்குப் போட்டியிடுவதில்லை.

மூன்றாவது, 1959 முதல் விழாவோடு சேர்ந்து நடக்கும் படச் சந்தை. விநியோகஸ்தர்களும் வெளிநாட்டு உரிமை வாங்குபவர்களும் விற்பவர்களும் கூடும் வணிக இடம் இது. கட்டணம் கட்டி ஒரு சிறிய அரங்கை வாடகைக்கு எடுத்துக்கொண்டால் எந்தப் படத்தையும் அங்கே திரையிடலாம். ‘இது வேண்டும், இது வேண்டாம்’ என்று தேர்வு செய்ய ஒருவரும் இல்லை. படத்தை விற்க வருகிறவருக்கு இது முற்றிலும் முறையான வழி. ஆனால் சந்தையில் ஒரு காட்சி ஓட்டிவிட்டு ஊருக்குத் திரும்பி விமான நிலையத்தில் மாலை போட்டுக்கொள்வதுதான் இடிக்கிறது. இனி யாராவது ‘கேன்ஸில் காட்டினோம்’ என்று சொன்னால், ‘எந்தப் பிரிவில்?’ என்று ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள். உண்மையிலேயே தேர்வு பெற்றவர்கள் அந்தக் கேள்விக்காகவே காத்திருப்பார்கள்.

ஒன்பது பேர் உட்கார்ந்து ஒரு படத்தை உலகின் சிறந்த படம் என்று எப்படி முடிவு செய்ய முடியும்? இதற்கு ஏதாவது மதிப்பெண் முறை இருக்கிறதா? (கும்பகோணம் வாசகி)

உலகின் சிறந்த படம் எது என்று அவர்கள் முடிவு செய்வதே இல்லை. தங்கள் முன் வைக்கப்பட்ட இருபது படங்களுக்குள் எதற்கு எதைக் கொடுப்பது என்று மட்டுமே முடிவு செய்கிறார்கள். விருதுச் செய்திகளைப் படிக்கும்போது இந்த வேறுபாட்டை மறந்துவிடுவதால்தான் பாதிச் சண்டைகள் வருகின்றன.

தலைவர் ஒருவர், உறுப்பினர்கள் எட்டுப் பேர் என்பது இப்போதைய வழக்கம். ஆண்டுதோறும் குழு முற்றிலுமாக மாறும். பெரும்பாலும் இயக்குநர்களும் நடிகர்களும், அவர்களோடு ஓரிரு எழுத்தாளர்களும் இருப்பார்கள். இந்தியாவிலிருந்து மிருணாள் சென் 1982-லும், அருந்ததி ராய் 2000-லும், ஷர்மிளா தாகூர் 2009-லும், தீபிகா படுகோன் 2022-லும், பாயல் கபாடியா 2025-லும் போட்டிப் பிரிவின் நடுவர்களாக அமர்ந்திருக்கிறார்கள். மதிப்பெண் கிடையாது, பேசுவார்கள், வாக்களிப்பார்கள், மீண்டும் பேசுவார்கள். நிறைவு நாளன்று ஊருக்கு மேலே குன்றின் மீதுள்ள ஒரு மாளிகைக்கு அவர்களை அழைத்துச் சென்று, கைப்பேசிகளை வாங்கி வைத்துக்கொண்டு, முடிவு எட்டப்படும் வரை வெளித் தொடர்பு இல்லாமல் வைத்திருப்பார்கள். அன்று பகலில் விருது பெறப்போகும் படக்குழுவினருக்கு ‘மாலை விழாவுக்கு இருங்கள்’ என்று மட்டும் விழா அலுவலகத்திலிருந்து தொலைபேசி வரும். எந்த விருது என்பதைச் சொல்லமாட்டார்கள். ஏற்கெனவே ஊருக்குப் புறப்பட்டுவிட்டவர்கள் அவசர அவசரமாக விமானம் பிடித்துத் திரும்பி வருவதும், அவர்களை நிலையத்தில் பார்த்துவிட்ட நிருபர்கள் கணக்குப் போடத் தொடங்குவதும் ஒவ்வோர் ஆண்டும் நடக்கும் வேடிக்கை.

முறை இல்லாவிட்டாலும் விதிகள் உண்டு, அவை முடிவைப் பெரிதும் வளைக்கின்றன. 1991-இல் ரோமன் போலன்ஸ்கி தலைமையிலான குழு, கோயன் சகோதரர்களின் ‘பார்ட்டன் ஃபிங்க்’ என்ற ஒரே படத்துக்குத் தங்கப் பனை, சிறந்த இயக்கம், சிறந்த நடிகர் ஆகிய மூன்று விருதுகளையும் அள்ளிக் கொடுத்துவிட்டது. மற்றப் படங்களுக்கு என்ன மிஞ்சும் என்ற முணுமுணுப்பு எழுந்ததையொட்டி, ஒரு படத்துக்குப் பொதுவாக ஒரு விருதுதான் என்ற கட்டுப்பாடு வந்தது. திரைக்கதை விருதையோ நடுவர் குழுவின் பரிசையோ நடிப்புக்கான விருதோடு சேர்த்துத் தரச் சிறப்பு அனுமதி கேட்கலாம். தங்கப் பனையோடு வேறெதையும் சேர்க்கக் கூடாது. அதனால்தான் 2013-இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் தலைமையிலான குழு ஓர் உபாயம் செய்தது. ‘ப்ளூ இஸ் தி வார்மஸ்ட் கலர்’ படத்துக்குத் தங்கப் பனையைத் தந்தால் அதில் நடித்த இருவருக்கும் நடிகைக்கான விருதைத் தர முடியாது என்பதால், தங்கப் பனையையே இயக்குநருக்கும் இரு நடிகைகளுக்கும் சேர்த்து வழங்கியது. தங்கப் பனையை இரு படங்களுக்குப் பங்கிடும் வழக்கமும் ஒரு காலத்தில் இருந்தது. 1993-லும் 1997-லும் அப்படி நடந்தது. இப்போதைய விதிப்படி அது முடியாது.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், விருதுப் பட்டியல் என்பது ஒன்பது பேரின் ரசனைகளுக்குள் ஏற்பட்ட ஓர் உடன்பாடு. எல்லோரும் ஓரளவு விரும்பிய படத்துக்கு முதலிடமும், சிலர் மட்டும் உயிராக விரும்பிய படத்துக்கு இரண்டாம் இடமும் கிடைப்பது இத்தகைய குழுக்களில் இயல்பு. ஆகவே பார்க்க வேண்டிய படங்களுக்கு நீங்கள் ஒரு பட்டியல் போட்டால், கேன்ஸில் இரண்டாம் விருதான ‘கிராண்ட் ப்ரி’ பெற்றவற்றையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை.

தங்கப் பனைக்கு எவ்வளவு பரிசுத் தொகை? (நாகர்கோவில் வாசகர்)

ஒரு காசும் இல்லை. நமது கோவா விழாவின் தங்க மயிலுக்கு 40 லட்ச ரூபாய் உண்டு. ராட்டர்டாம் விழாவில் 2021-இல் பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ வென்ற டைகர் விருதுக்கு 40,000 யூரோ உண்டு. கேன்ஸில் கையில் கிடைப்பது அந்தப் பனை மட்டுமே. கேன்ஸ் நகரின் சின்னத்தில் இருக்கும் பனையோலையைக் கொண்டு உருவான இவ்விருது முதன்முதலாக 1955-இல் ‘மார்ட்டி’ என்ற அமெரிக்கப் படத்துக்கு வழங்கப்பட்டது. இடையே 1964 முதல் 1974 வரை வேறு பெயருக்கு மாறியிருந்து, 1975-இல் மீண்டும் வந்தது. இப்போது கொடுக்கப்படுவது ஸ்விட்சர்லாந்தின் ஷோபார்ட் நகை நிறுவனம் 1998 முதல் செய்து தருவது: 18 காரட் தங்கத்தில் 118 கிராம் எடையில் 19 இலைக்கீற்றுகள் கொண்ட ஓர் ஓலை, பட்டை தீட்டிய வைரத்தின் வடிவில் வெட்டப்பட்ட படிகப் பாளத்தின் மேல் படுத்திருக்கும், அதை நீலத் தோல் பெட்டிக்குள் வைத்துத் தருகிறார்கள்.

காசு பின்னால் வேறு வழியில் வருகிறது. பரிசுக்குப் பின் படத்தின் உலக உரிமைகள் விற்கும் விலையே வேறு. அமெரிக்காவில் நியான் என்ற நிறுவனம் 2019-இன் ‘பாரசைட்’ முதல் 2025 வரை தொடர்ந்து ஆறு தங்கப் பனைப் படங்களின் உரிமையைப் பிடித்தது என்பதிலிருந்தே அந்த வணிகத்தின் கணக்கை ஊகித்துக்கொள்ளலாம்.

ஹிட்லருக்கும் முசோலினிக்கும் எதிராகத்தான் கேன்ஸ் விழா தொடங்கப்பட்டது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். உண்மையா? (ஈரோடு வாசகர்)

காணொளிகளில் சொல்லப்படுபவற்றுள் உண்மையான சிலவற்றில் இதுவும் ஒன்று. 1932-இல் தொடங்கிய வெனிஸ் விழாதான் அன்று திரைப்படத்துக்கான பெரிய சர்வதேச விழா. 1938-இல் அங்கே முசோலினியின் பெயரால் வழங்கப்பட்ட கோப்பை, பெர்லின் ஒலிம்பிக்கைப் பற்றி லெனி ரீஃபன்ஸ்டால் எடுத்த ஜெர்மன் படத்துக்கும், முசோலினியின் மகன் மேற்பார்வையில் உருவான ஓர் இத்தாலியப் படத்துக்கும் போயிற்று. அந்த நடுவர் குழுவில் பிரான்ஸின் சார்பில் இருந்தவர் ஃபிலிப் எர்லாங்கே என்ற அதிகாரி. அரசியல் கை வைக்காத ஒரு விழாவைப் பிரான்ஸ் நடத்த வேண்டும் என்று அவர் முன்மொழிய, கல்வி அமைச்சராக இருந்த ழான் ஸே அதை எடுத்து நடத்தினார். 1939 செப்டம்பர் 1 அன்று தொடக்கம் என்று நாள் குறித்தார்கள். அந்த நாளில்தான் ஜெர்மனி போலந்துக்குள் படையெடுத்து நுழைந்தது. விழா நின்றது.

போர் முடிந்து 1946 செப்டம்பர் 20-இல் விழா ஒருவழியாகத் தொடங்கியபோது அதைப் பார்க்க ழான் ஸே உயிரோடு இல்லை. 1944 ஜூனில், ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரான்ஸின் விஷி அரசின் துணைப்படையினர் அவரைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். பிறகும் விழாவுக்கு இடையூறுகள் இருந்தன. பணமில்லாமல் 1948-லும் 1950-லும் நடக்கவில்லை. 1968 மே மாதத்தில் பிரான்ஸ் முழுவதும் மாணவர்களும் தொழிலாளர்களும் கிளர்ந்தெழுந்தபோது, கோதார், த்ரூஃபோ முதலிய இயக்குநர்களே திரண்டு விழாவைப் பாதியில் நிறுத்தினார்கள். அந்த ஆண்டு விருதே கிடையாது. 2020-இல் கொரோனா. அரசியலிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்று பிறந்த விழாவை அரசியல் ஒருநாளும் விட்டு வைக்கவில்லை என்பதைத்தான் இவையெல்லாம் காட்டுகின்றன.

முதல் விழாவிலேயே இந்தியப் படமான ‘நீச்சா நகர்’ உயர்ந்த விருதை வென்றது என்று படித்தேன். அதன்பின் ஏன் நம்மால் முடியவில்லை? (சேலம் வாசகி)

சேதன் ஆனந்தின் முதல் படமான ‘நீச்சா நகர்’ 1946-இல் உயர் விருதைப் பெற்றது உண்மை. மேட்டுப் பகுதியில் வாழும் செல்வந்தர் ஒருவர் தம் நிலத்தின் சாக்கடையைத் தாழ்ந்த பகுதி ஏழைகளின் குடியிருப்புக்குள் திருப்பிவிடுவதைச் சொல்லும் கதை, ரவிசங்கர் இசையமைத்தார். பெருமை கொள்ள வேண்டிய படமே. ஆனால் அந்த ஆண்டு உயர் விருது 11 படங்களுக்குக் கொடுக்கப்பட்டது, அந்த 11 படங்களும் 11 நாடுகளைச் சேர்ந்தவை. போரில் சிதறிப்போன உலகை மீண்டும் ஒரே அரங்கில் உட்கார வைக்க நினைத்தவர்கள் ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்ப விரும்பவில்லை. இத்தாலியின் ‘ரோம், ஓப்பன் சிட்டி’யும் பிரிட்டனின் ‘ப்ரீஃப் என்கவுன்ட்டர்’ என்ற படமும் அதே வரிசையில் இருந்தவை. ‘உலகின் ஒரே சிறந்த படம்’ என்று இன்று சிலர் எழுதுவது மிகை.

அதன்பின் முடியவில்லை என்பதும் முழுக்கச் சரியல்ல. சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ 1956-லும், மிருணாள் சென்னின் ‘காரிஜ்’ 1983-லும் போட்டிப் பிரிவில் பரிசு பெற்றன. முதல் படம் எடுப்பவருக்கு எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவாகத் தரப்படும் ‘கேமரா தோர்’ விருதை மீரா நாயர் 1988-லும், மலையாள இயக்குநர் முரளி நாயர் 1999-லும் வென்றார்கள். இடையில் நடந்த முக்கியமான மாற்றம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொடக்கக் காலத்தில் எந்தப் படத்தை அனுப்புவது என்பதை அந்தந்த நாடே முடிவு செய்தது. 1972 முதல் விழாவே தேர்ந்தெடுக்கத் தொடங்கியது. அதுவரை நாட்டின் பெயரால் கிடைத்த இடத்தை, அதன்பின் படத்தின் பலத்தால் மட்டுமே பெற வேண்டியதாயிற்று. 1994-இல் ஷாஜி என். கருணின் ‘ஸ்வம்’ போட்டிப் பிரிவில் இடம்பெற்ற பிறகு, முப்பது ஆண்டுகள் ஓர் இந்தியப் படம்கூட அங்கே இல்லை.

அந்த இடைவெளியை 2024-இல் பாயல் கபாடியாவின் ‘ஆல் வீ இமேஜின் ஆஸ் லைட்’ முடித்துவைத்தது. மும்பையில் செவிலியர்களாக வேலை பார்க்கும் இரு மலையாளப் பெண்களையும், வீட்டை இழக்கப்போகும் ஒரு மராத்திப் பெண்ணையும் பற்றிய இப்படம் ‘கிராண்ட் ப்ரி’ வென்றது. இதன் பின்புலத்தையும் சொல்ல வேண்டும். இயக்குநரின் முந்தைய ஆவணப்படம் 2021-இல் இயக்குநர்களின் இரு வாரத்தில் இடம்பெற்று, சிறந்த ஆவணப்படத்துக்கான ‘தங்கக் கண்’ விருதைப் பெற்றிருந்தது. புதிய படத்துக்கோ பிரான்ஸ் உள்ளிட்ட பல நாடுகளின் கூட்டுத் தயாரிப்பும் அந்நாடுகளின் கலை நிதிகளும் துணையாக இருந்தன. திறமைசாலிகள் நம்மிடம் எப்போதும் இருந்தார்கள். ஒரு படத்தை ஐந்தாறு ஆண்டுகள் பொறுமையாகத் தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடு நம்மிடம் இல்லை. அது பெரும்பாலும் வெளியிலிருந்தே வருகிறது.

2015-இல் தங்கப் பனை வென்ற ‘தீபன்’ தமிழ்ப் படமா, பிரெஞ்சுப் படமா? (யாழ்ப்பாணம் வாசகர்)

விழாவின் ஏட்டில் அது பிரெஞ்சுப் படம். இயக்கிய ழாக் ஓதியார் பிரெஞ்சுக்காரர், தயாரிப்பும் பிரான்ஸ்தான். ஆனால் படத்தில் பேசப்படுவது பெரும்பாலும் தமிழ். தங்கப் பனை வென்ற படங்களின் வரிசையில் நம் மொழி இத்தனை நேரம் ஒலிக்கும் படம் வேறு இல்லை.

நாயகனாக நடித்தவர் நீங்கள் நன்கு அறிந்த எழுத்தாளர் ஷோபாசக்தி, இயற்பெயர் அந்தோணிதாசன் யேசுதாசன். அல்லைப்பிட்டியில் பிறந்து, இளவயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் சேர்ந்து, பின் விலகிப் பிரான்ஸில் அகதியாகக் குடியேறியவர். உடன் நடித்த காளீஸ்வரி சீனிவாசன் சென்னையின் நாடக மேடையிலிருந்து வந்தவர். படத்தின் கதையில், இலங்கைப் போரிலிருந்து தப்பும், முன்பின் தெரியாத ஓர் ஆணும் பெண்ணும் சிறுமியும் இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டுகளைக் கொண்டு கணவன், மனைவி, மகளாக நடித்தபடி பாரிஸ் புறநகருக்கு வந்து சேர்கிறார்கள். படத்தின் தொடக்கத்தில் ஒரு காட்சி உண்டு: திரை முழுவதும் இருட்டு; அதற்குள் சிறு வண்ண விளக்குகள் மின்னி மின்னி நம்மை நோக்கி வருகின்றன; என்னவென்று புரியாமல் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தலையில் மின்னும் விளையாட்டுப் பட்டையை மாட்டிக்கொண்டு அதையே தெருவில் விற்கும் தீபனின் முகம் தெரிகிறது. நேற்று வரை போராளியாக இருந்தவனின் இன்றைய நிலையை ஒரு வசனமும் இல்லாமல் சொல்லிவிடுகிறது அந்தக் காட்சி.

அந்த ஆண்டு நடுவர் குழுவுக்குத் தலைமை தாங்கியவர்கள் கோயன் சகோதரர்கள். ‘சன் ஆஃப் சால்’ அல்லது ‘கேரல்’ வெல்லும் என்று எதிர்பார்த்திருந்த விமர்சகர்கள் பலருக்கு முடிவு வியப்பாக இருந்தது. படத்தின் இறுதியில் வரும் துப்பாக்கிச் சண்டை மேல் அன்றே குறை சொன்னார்கள். எனக்கும் அந்தக் குறை உண்டு. புறநகர்க் குடியிருப்பில் காவலாளியாகத் துடைப்பத்தோடு நடமாடும் தீபனும், பொய்க் குடும்பம் மெல்ல மெய்க் குடும்பமாக மாறும் சமையலறைக் காட்சிகளும்தான் படம். கடைசிப் பத்து நிமிடங்களில் அதை ஒரு சாகசக் கதையாக்கியிருக்க வேண்டியதில்லை. ஆனாலும் இருவரின் நடிப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தங்கப் பனை கிடைத்த படத்தின் நடிகருக்கு நடிப்பு விருது கிடையாது என்று மேலே சொன்ன விதி, ஷோபாசக்தியின் வழியிலும் குறுக்கே நின்றது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

பத்து நிமிடம் எழுந்து நின்று கைதட்டினார்கள், பன்னிரண்டு நிமிடம் தட்டினார்கள் என்று செய்தி வருகிறதே, அதற்கும் விருதுக்கும் தொடர்பு உண்டா? (புதுச்சேரி வாசகர்)

எள்ளளவும் இல்லை. முதல் காட்சியில் படக்குழுவினர் அரங்கிலேயே உட்கார்ந்திருப்பார்கள். ஒளிப்பதிவாளர் ஒவ்வொருவர் முகமாகப் படம்பிடித்துத் திரையில் காட்டிக்கொண்டே போவார். அது முடியும் வரை தட்டியாக வேண்டும் என்பது நாகரிகம். கேன்ஸ் அரங்கில் ஏளனக் கூச்சலும் உண்டு, அதற்கும் விருதுக்கும் தொடர்பு இல்லை. இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் ‘லவ்வென்ச்சுரா’ 1960-இல் கூச்சலுக்கு ஆளாகி, அதே விழாவில் நடுவர் குழுவின் பரிசையும் பெற்றது. 1987-இல் தங்கப் பனையை வாங்க மேடையேறிய பிரெஞ்சு இயக்குநர் மோரிஸ் பியாலாவை நோக்கி அரங்கமே கூச்சலிட்டது. ‘உங்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றால், எனக்கும் உங்களைப் பிடிக்கவில்லை’ என்ற பொருளில் பதில் சொல்லிவிட்டு அவர் முஷ்டியை உயர்த்திக் காட்டினார்.

2025-இல் ஈரானிய இயக்குநர் ஜாபர் பனாஹிக்கு விருது கொடுத்தது படத்துக்காகவா, அரசியலுக்காகவா? (திருச்சி வாசகி)

இரண்டையும் பிரிக்க முடியும் என்று நினைப்பதிலேயே சிக்கல் இருக்கிறது. தன் நாட்டு அரசு 2010-இல் விதித்த இருபது ஆண்டுத் தடையையும் சிறையையும் கடந்து, அனுமதி பெறாமலேயே படமெடுத்து வந்தவர் அவர். சிறையில் தம்மைக் கண்கட்டி வதைத்தவன் என்று ஒருவனைச் சந்தேகிக்கும் முன்னாள் கைதிகள், அவனை என்ன செய்வது என்று தங்களுக்குள் மோதிக்கொள்வதே ‘இட் வாஸ் ஜஸ்ட் ஆன் ஆக்சிடென்ட்’ படத்தின் கதை. அரசியலை எடுத்துவிட்டால் படமே இல்லை.

ஒரு செய்தியை மட்டும் சொல்கிறேன். 2010 விழாவில் பனாஹியை நடுவராக அழைத்திருந்தார்கள்; அவர் ஈரானியச் சிறையில் இருந்ததால் அவருக்கான நாற்காலியைக் காலியாகவே வைத்தார்கள். அந்த ஆண்டு சிறந்த நடிகை விருதை வாங்க மேடையேறிய ஜூலியட் பினோஷ், பனாஹியின் பெயர் எழுதிய அட்டையை உயர்த்திப் பிடித்தார். பதினைந்து ஆண்டுகள் கழித்து அவருக்குத் தங்கப் பனையைத் தீர்மானித்த குழுவின் தலைவர் அதே பினோஷ்தான். இதைப் பாரபட்சம் என்று சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம். ஆனால் அதற்கு வெகு முன்பே, 1995-இல் கேன்ஸின் கேமரா தோரையும், 2000-இல் வெனிஸின் தங்கச் சிங்கத்தையும், 2015-இல் பெர்லினின் தங்கக் கரடியையும் வெவ்வேறு நடுவர்கள் அவருக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

பெண் இயக்குநர்கள் எத்தனை பேர் தங்கப் பனை வென்றிருக்கிறார்கள்? (வேலூர் வாசகி)

2025 வரை மூன்றே பேர்: 1993-இல் ஜேன் கேம்பியன், 2021-இல் ஜூலியா துகூர்னோ, 2023-இல் ஜுஸ்தின் த்ரியே. கேம்பியனுக்குக் கிடைத்ததும் சீன இயக்குநர் சென் கைகோடு பங்கிட்ட விருது.

ஓடிடி தளங்களின் படங்களைக் கேன்ஸ் ஏன் ஒதுக்குகிறது? (பெங்களூரு வாசகர்)

பிரான்ஸில் திரையரங்கு என்பது சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள ஒரு நிறுவனம். அரங்கில் வெளியான படம் எத்தனை மாதம் கழித்து வேறு தளங்களுக்குப் போகலாம் என்பதற்கு அங்கே கால அட்டவணையே உண்டு. 2017-இல் நெட்ஃபிளிக்ஸின் இரண்டு படங்கள் போட்டிப் பிரிவில் இடம்பெற்றபோது, அரங்கில் ஓடாத படத்துக்கு இங்கே என்ன வேலை என்று திரையரங்கு உரிமையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். பிரெஞ்சு அரங்குகளில் வெளியிட ஒப்புக்கொள்ளும் படத்துக்கு மட்டுமே போட்டியில் இடம் என்ற விதி அடுத்த ஆண்டிலிருந்து வந்தது. அந்நாளில் அரங்கில் வெளியான படத்தை இணையத் தளத்தில் காட்ட மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதால், நெட்ஃபிளிக்ஸ் தன் ‘ரோமா’ படத்தை வெனிஸ் விழாவுக்குக் கொண்டுபோயிற்று, 2018-இன் தங்கச் சிங்கம் அதற்கே கிடைத்தது. வீம்பினால் கேன்ஸ் ஒரு நல்ல படத்தை இழந்தது என்று சொல்வோர் உண்டு. ஊர் ஊராகத் திரையரங்குகள் கல்யாண மண்டபங்களாக மாறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாம் அந்த வீம்பைச் சற்று மரியாதையோடு பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

கல்லூரி மாணவி நான். சாதாரணப் பார்வையாளராக கேன்ஸுக்குப் போய்ப் படம் பார்க்க முடியுமா? ஒரு நாள் என் படத்தை அனுப்ப வேண்டும் என்றால் என்ன செய்ய வேண்டும்? (கோயம்புத்தூர் வாசகி)

கோவாவைப் போலவோ சென்னையைப் போலவோ பதிவுக் கட்டணம் கட்டி எவரும் நுழையும் விழா இல்லை அது. திரைத்துறையினருக்கும் பத்திரிகையாளர்களுக்குமே முதலிடம். மாலைக் காட்சிகளின்போது விழா மாளிகைக்கு வெளியே கோட்டும் கழுத்துப் பட்டையுமாக, நீண்ட கவுன்களுமாக, ‘ஓர் அழைப்பிதழ் கிடைக்குமா’ என்று எழுதிய காகிதத்தைக் கையில் பிடித்தபடி இளைஞர்கள் வரிசையாக நிற்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். பெரிய அரங்கின் மாலைக் காட்சிக்கு உடைக் கட்டுப்பாடு இருப்பதால், சீட்டு கிடைத்தால் அப்படியே உள்ளே போகத் தயாராக உடுத்தி நிற்கிறார்கள். உங்களுக்கு அவ்வளவு சிரமம் வேண்டாம். 18 முதல் 28 வயது வரையிலானவர்களுக்காக ‘கேன்ஸில் மூன்று நாட்கள்’ என்ற அனுமதித் திட்டம் இருக்கிறது. சினிமா மீதான உங்கள் ஆர்வத்தை விளக்கும் கடிதத்தோடு விழாவின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இயக்குநர்களின் இரு வாரத்துக்குப் பொதுமக்களும் சீட்டு வாங்கலாம். கடற்கரை மணலில் இரவில் நடக்கும் திறந்தவெளிக் காட்சிகள் இலவசம். பயணச் செலவும் விசாவும்தான் பெரிய தடைகள். விசாவுக்குச் சில மாதங்கள் முன்னரே முயல வேண்டும்.

படம் அனுப்புவதற்கு யாருடைய சிபாரிசும் தேவையில்லை, எந்த அரசும் உங்களைப் பரிந்துரைக்க வேண்டியதில்லை. விழாவுக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களுக்குள் முடிக்கப்பட்டதாகப் படம் இருக்க வேண்டும். இணையத்தில் ஏற்றியிருக்கக் கூடாது. சொந்த நாட்டுக்கு வெளியே திரையிட்டிருக்கவோ வேறு சர்வதேச விழாவின் போட்டியில் காட்டியிருக்கவோ கூடாது. நம் இளைஞர்கள் சறுக்குவது பெரும்பாலும் கடைசி இரண்டில்தான். குறும்படத்தை முடித்த மறுநாளே யூடியூபில் ஏற்றிவிட்டு, பிறகு விழாக்களைத் தேடுகிறார்கள். துணைத்தலைப்பு ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருக்க வேண்டும். அதை நண்பர்களைக் கொண்டு ஒரே இரவில் செய்து முடிக்காதீர்கள், தேர்வாளர்கள் கேட்பது உங்கள் தமிழை அல்ல, அந்தத் துணைத்தலைப்பைத்தான் படிக்கிறார்கள்.

மாணவியாக இருக்கும் வரை உங்களுக்கு உரிய கதவு ‘லா சினெஃப்’. திரைப்படப் பள்ளி மாணவர்களின் குறும்படங்களுக்கான போட்டி அது. புனே திரைப்படக் கல்லூரியில் படித்த சிதானந்த நாயக் எடுத்த கன்னடக் குறும்படம் 2024-இல் அதன் முதல் பரிசை வென்றது. முதல் முழுநீளப் படத்தை எடுத்து முடித்த பிறகு, இயக்குநரின் முதல் இரண்டு படங்களுக்கு மட்டுமே இடம் தரும் விமர்சகர் வாரத்துக்கு அனுப்புங்கள். அங்கே தேர்வானாலும் கேமரா தோர் போட்டியில் நீங்கள் தானாகவே சேர்ந்துவிடுவீர்கள்.